'பந்து கொடுத்தோம்' என்பாருக்கு

"பந்து கொடுத்தோம், சட்டை கொடுத்தோம், கிண்ணமும் கொடுத்தோம். உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் என்னதான் வேண்டும்?"

சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் ஆசிரியத் தொழில் புரியும் நமது காதுகளில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இக்கேள்வி விழாமல் இருப்பதில்லை. ஓராண்டில் அதைக் கேட்பவர் தோட்ட நிருவாகத்தின் பிரதிநிதி. மற்றோர் ஆண்டில் தொழிற்சங்கப் பிரமுகர். தேர்தல் அண்மித்துவிட்டாலோ வேட்பாளர். மேடையில் மாலை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, புகைப்படக்காரரும் உண்டு. களத்தில் புதிய சட்டை அணிந்த பையன்கள் நிற்கிறார்கள். காலில் சப்பாத்து இல்லாதவனைப் பின்வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பொழுது சாயும் வேளையில் மேடை கழற்றப்படுகிறது. மறு ஆண்டு அதே விழா வரும்வரை அம்மைதானத்தை மாடுகளைத் தவிர வேறெவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள் அல்லவா? அதற்கு நேர்மையான விடை கூறவே இக்கட்டுரை. பந்து போதாது, பந்தாட்டத்தைக் கற்பிக்கும் மனிதன் வேண்டும். அவன் இங்கேயே இருக்க வேண்டும். அவனுக்கு மாதச் சம்பளம் வேண்டும். அவன் நமது லயங்களிலிருந்தே எழுந்து வருவதற்கு ஒரு வழியும் வேண்டும்.

நமது மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஆசிரியராயிருக்கும் எவருக்கும் அவனைத் தெரியும், வேறு பெயரில். தந்தை பால்வெட்டுத் தொழிலாளி, தாய் கொழுந்து பறிப்பவள். அவன் ஆடியது நடுக்களத்தில். மற்றப் பையன்கள் பந்தைத் துரத்துவார்கள். அவன் பந்து வரப்போகும் இடத்தில் போய் நிற்பான். கோல் போடும் ஆசை அவனுக்குக் குறைவு. யாரிடம் கொடுத்தால் கோல் விழும் என்ற கணக்கு மட்டும் அவன் கண்ணில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அவனைக் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த தீபாவளிக்கு வந்தவன், வந்த அன்றே மைதானத்துக்குப் போனான். லயத்துச் சிறுவர்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, நான்கு கற்களை நட்டு, பந்தை எப்படி வாங்குவது, வாங்குமுன் தலையைத் திருப்பி எங்கே பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தான். இரண்டு நாள். மூன்றாம் நாள் அதிகாலை பஸ் ஏறிவிட்டான். அவ்விரண்டு நாளில் அவன் கற்பித்ததை அவ்வாண்டு முழுவதிலும் நமது பாடசாலை கற்பிக்கவில்லை. நாம் இழந்தது ஓர் ஆட்டக்காரனை மட்டும் அன்று, ஓர் ஆசிரியனையும் இழந்தோம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

இத்தகைய ஒருவனுக்கு வழி திறந்திருந்தால் அவன் எவ்வளவு தூரம் போவான்? திறந்த வழியும் பாதியில் அடைபட்டால் அவன் கதி என்ன? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தரும் வாழ்க்கை ஒன்று அக்கரையில் வாழ்ந்து முடிந்திருக்கிறது. அது இந்திய அணியின் நடுக்கள வீரராகத் திகழ்ந்து, பின் பயிற்றுநரான கார்ல்டன் சாப்மனின் வாழ்க்கை. இனம் பார்த்தோ மொழி பார்த்தோ நாம் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் மாணவன் நின்ற அதே இடத்தில் நின்றவர் என்பதாலேயே தேர்ந்தெடுத்தோம்.

சாப்மன் 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் பெங்களூரில் பிறந்தவர். 1990 இல் ஜம்ஷெட்பூரிலுள்ள டாட்டா உதைபந்தாட்டப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1987 இல் ஓர் உருக்குக் கம்பனி தொடங்கிய கழகம் அது. இளைஞர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கொடுத்து, நாள்தோறும் பயிற்சியளிக்கும் இடம். அங்கிருந்து 1993 இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். அந்தப் பருவத்திலேயே ஆசியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணப் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணியை ஈஸ்ட் பெங்கால் 6–2 என வென்றபோது, மூன்று கோல்கள் சாப்மனுடையவை. கோல் போடுவது தமது முதற் கடமையாக இல்லாத ஒரு நடுக்கள வீரர் செய்த காரியம் அது!

1995 இல் பஞ்சாப்பின் பக்வாராவிலிருந்த ஜே.சி.டி. ஆலையின் அணிக்குச் சென்றார். ஐ. எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் முன்வரிசையில் ஆட, பின்னின்று பந்தை ஊட்டியவர்களுள் சாப்மன் முதன்மையானவர். இந்தியாவின் முதலாவது தேசிய உதைபந்தாட்ட லீக், 1996–97 பருவத்தில், அவ்வணிக்கே கிடைத்தது. பின் எப்.சி. கொச்சி அணியில் சிறிது காலம். 1998 இல் மீண்டும் ஈஸ்ட் பெங்கால். அவ்வணி 2000–01 பருவத்தின் லீக்கை வென்றபோது தலைவர் அவரே. இந்திய அணிக்கும் ஆடினார், தலைமையும் தாங்கினார். 2001 இல், முப்பதாவது வயதில், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

முப்பது வயது! ஓர் ஆசிரியன் தன் தொழிலில் சற்றே காலூன்றும் வயது அது. உதைபந்தாட்டத் தொழிலாளிக்கோ அது வேலை முடியும் வயது. ஆம், தொழிலாளி என்றுதான் சொல்கிறோம். உடலை விற்றுப் பிழைப்பவன், உடல் தேய்ந்ததும் வெளியே அனுப்பப்படுபவன், ஓய்வூதியம் இல்லாதவன் — இவனைத் தொழிலாளி என்றழைக்காமல் வேறெப்படி அழைப்பது? கோல் போட்டவனின் பெயர் பலகையில் ஏறுகிறது. பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனின் பெயர் ஏறுவதில்லை. தேயிலைப் பெட்டியின் மீது கம்பனியின் பெயர் அச்சாகிறது. கொழுந்தைக் கிள்ளிய கையின் பெயர் அச்சாவதில்லை. இரண்டும் ஒரே நியாயத்தின்படி நடப்பவையே.

ஆனால் சாப்மன் கடைக்குப் போகவில்லை. 2002 இல், தம்மை வளர்த்த அதே டாட்டா கழகத்துக்குப் பயிற்றுநராகத் திரும்பினார். களத்தின் நடுவே நின்று முன்னும் பின்னும் பார்த்துப் பழகிய கண், ஓரத்தில் நின்று இருபது பையன்களைப் பார்க்கத் தொடங்கிற்று. கற்றவன் கற்பிக்க வந்தான். பின் ஷில்லாங்கில் ரோயல் வாகிங்டோ, கல்கத்தாவில் பவானிப்பூர் என்று அணிகளைப் பயிற்றினார். இறுதியாகக் கோழிக்கோட்டின் குவார்ட்ஸ் கழகத்தில் பணியாற்றினார். 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் பெங்களூரில் மாரடைப்பால் மறைந்தார். வயது 49.

இவ்வாழ்க்கையிலிருந்து இரண்டு பாடங்களை நாம் கற்க வேண்டும். ஒன்றை மட்டும் கற்றால் ஏமாந்துபோவோம்.

முதற் பாடம்: திறமை தானாக முளைப்பதன்று. சாப்மன் சாப்மனானது பந்து கிடைத்ததனால் அன்று. நாள் தவறாத பயிற்சி, வயிறு நிறையும் சோறு, தன்னிலும் அறிந்த ஒருவனின் கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததனால். ஆடி முடித்ததும் போய் நிற்க ஓர் இடம் இருந்ததனாலேயே அவர் கற்றது அவரோடு முடியாமல் அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

இரண்டாம் பாடம் கசப்பானது. அவர் ஆடிய, பயிற்றிய அணிகளின் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். எப்.சி. கொச்சி கடனில் மூழ்கிச் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. முதல் லீக்கை வென்ற ஜே.சி.டி. அணியை அதன் முதலாளிகள் 2011 இல் கலைத்துவிட்டார்கள். ரோயல் வாகிங்டோ, சாப்மன் அங்கிருந்து சென்ற பின் 2014–15 இல் ஐ-லீக்கில் மூன்றாம் இடம் வரை உயர்ந்து, அப்பருவத்தோடு லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. கிண்ணம் வென்ற அணியும் மூடப்படுகிறது, தோற்ற அணியும் மூடப்படுகிறது. முதலாளியின் விருப்பத்தில் பிறந்தது அவனுடைய கணக்குப் புத்தகத்தில் செத்துப்போகிறது. ஆகவே டாட்டாவுக்குப் பல்லாண்டு பாட நாம் இங்கு வரவில்லை. பயிற்சிக் கழகம் நல்லது. அது ஒருவருடைய தயவில் தொங்குவது நல்லதன்று.

இனி நமது மண்ணுக்குத் திரும்புவோம்.

இலங்கை உதைபந்தாட்டம் அறியாத நாடன்று. 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவையே 1–0 என வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதன் பின் 2023 வரை நடந்த எந்தத் தெற்காசியப் போட்டியிலும் அக்கிண்ணம் நம்மிடம் திரும்பவில்லை. 2023 இல் என்ன நடந்தது? நிருவாகச் சண்டையும் வெளித் தலையீடும் முற்றி, சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் அவ்வாண்டு ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் ஆயிற்று. இடையில் தெற்காசியப் போட்டி நடந்து முடிந்தது. எங்கே? சாப்மன் பிறந்த அதே பெங்களூரில். நம் வீரர்களுக்கு அங்கு கால் வைக்கவும் உரிமை இருக்கவில்லை. நாற்காலிக்காகப் பெரியவர்கள் சண்டையிட்டார்கள். ஆடவேண்டிய இளைஞன் வீட்டில் இருந்தான்.

ஆட்டத்தால் பிழைக்க முடிந்த நம் நாட்டவரும் கடல் தாண்டியே பிழைத்தார்கள். தற்காப்பு வீரரான நிசாம் பக்கீர் அலி 1980களில் டாக்காவின் அபஹானி அணிக்கு ஆடிப் புகழ் பெற்றார். பயிற்றுநராகவும் வங்கதேசத்தில் நெடுங்காலம் தொழில் புரிந்த பின்னரே 2018 இல் இலங்கை அணியின் பயிற்றுநரானார். கொழும்பு நாட்டுக்கே இதுதான் நிலையென்றால், இறக்குவானைக்கும் தெரணியகலைக்கும் என்ன மிஞ்சும்?

நமது தோட்டங்களின் கதையோ இன்னும் ஒரு படி ஆழமானது. பயிற்றுநர் என்பவர் யார்? ஓரிடத்தில் ஆடி, அவ்விடத்திலேயே மூத்து, அங்குள்ள இளையோருக்குத் தாம் அறிந்ததைக் கொடுப்பவர். அவ்வாறு மூப்பதற்கு முதலில் ஓரிடத்தில் இருக்க விட வேண்டும். நம்மை எங்கே இருக்க விட்டார்கள்? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கு ஏற்கவும் முடிவு செய்து, மனிதரைத் தேயிலைப் பொட்டலம் போல் பங்கிட்டது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்களில் வன்முறை புகுந்தது, லயங்கள் எரிந்தன, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள் பலர் திரும்பவே இல்லை. ஓடியவர்களில் ஆட்டக்காரரும் இருந்திருப்பார்கள் அல்லவா? அண்ணன் கப்பலேறிவிட்டால் தம்பிக்கு யார் சொல்லிக் கொடுப்பது? நமது மைதானங்களில் பயிற்றுநர் இல்லாமைக்கு நமது பிள்ளைகளின் சோம்பல் காரணமன்று. தலைமுறைச் சங்கிலி மூன்று முறை அறுக்கப்பட்டது.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். அவர்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

"முத்தையா முரளிதரன் வரவில்லையா? அவருடைய பாட்டனும் தோட்டத் தொழிலுக்கு வந்தவர்தானே?" என்பர். வந்தவர்தான். ஆனால் முரளிதரனின் தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். மகன் பயின்றது கண்டியின் பேர்பெற்ற புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கு மைதானமும் இருந்தது, கற்பிக்க ஆளும் இருந்தது. அவருடைய சாதனையை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்தின் மகனைக் காட்டி, லயத்திலேயே இருக்கும் பிள்ளையை "நீ ஏன் வரவில்லை?" என்று கேட்பது மட்டும் நியாயமன்று.

"நம்மவரிடம் பயிற்றுநராகும் தகுதி எங்கே?" என்பர் வேறு சிலர். மலேசியாவுக்கு 2010 ஆம் ஆண்டின் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்று கொடுத்த தேசியப் பயிற்றுநர் யார்? கே. ராஜகோபால். அங்கு குடியேறிய தமிழ் மக்களின் வழிவந்தவர். ஆகவே தகுதி இரத்தத்தில் இல்லை, வாய்ப்பில் இருக்கிறது.

"பெண் பிள்ளைகளுக்குப் பந்தெதற்கு?" என்ற முணுமுணுப்பும் நம் காதில் விழுகிறது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்கள வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளருமானார். ஆட்டமும் அரசுத் தொழிலும் அங்கே ஒரு பெண்ணின் கைக்கு எட்டின. கூடை சுமந்து செங்குத்தான மலையேறும் தாயின் மகளுக்குக் கால் வலிமை இல்லையென்று எந்த மடையன் சொல்வான்?

இறுதியாக நமது தோழர்களில் சிலர்: "கூலி உயர்வுக்குப் போராட வேண்டிய நேரத்தில் பந்து ஒரு கேடா? இது மக்களை மயக்கும் வேலை." இவர்களுக்குத்தான் நாம் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாவாவதற்கு 2021 வரையும், 1350 ரூபாவாவதற்கு 2024 வரையும் காத்திருக்க நேர்ந்தது. நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கப் பல நாட் கூலி போய்விடும். எனவே கூலிப் போராட்டமும் பந்தாட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கூலி உயராமல் பிள்ளை களத்துக்கு வரமாட்டான். ஆனால் கூலி உயர்வது எதற்காக? வயிற்றை நிரப்பி மறுநாள் பிரட்டுக்களத்தில் நிற்பதற்காக மட்டுமா? உழைப்பவனுக்கும் ஓய்வு உண்டு, கலை உண்டு, ஆட்டம் உண்டு என்று சொல்லாத முற்போக்கு என்ன முற்போக்கு? மயக்குவது பந்தன்று, ஆண்டுக்கொரு நாள் சட்டை கொடுத்துப் படம் எடுப்பதே மயக்கம்.

பிறரைச் சாடிய நாம் நம்மையும் விட்டுவிடலாகாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பிடுங்கிக் கொடுப்பவர் யார்? நாமே. மைதானத்தில் நிற்கும் மாணவனைப் பார்த்து, "பந்து சோறு போடுமா?" என்று நகைத்தவர் யார்? நாமே. மேலே சொன்ன அம்மாணவனிடமும் நாம் இதைக் கேட்டிருக்கிறோம். அவன் பதில் சொல்லவில்லை, கடைக்குப் போய்விட்டான். பந்து சோறு போடாத நாடாக இந்நாட்டை வைத்திருப்பது எவரென்று அன்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது யாது?

ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலையும் இப்படித்தான் இருந்தது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், துரையின் தயவு. துரைக்கு விருப்பமானால் பள்ளி, இல்லையேல் பிள்ளைகள் மலைக்கு. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைக் கையேற்கத் தொடங்கிய பின்னரே ஆசிரியர் அரச ஊழியரானார். கல்வி தயவு என்ற நிலை மாறி உரிமையாயிற்று. குறைகள் இன்னும் ஆயிரம் உண்டு. எனினும் இதை எழுதும் நாமே அம்மாற்றத்தின் பிள்ளைகள். கல்விக்கு நடந்தது ஆட்டத்துக்கு ஏன் நடக்கலாகாது?

பலாங்கொடை, காவத்தை, எஹலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை போன்ற ஒவ்வொரு பகுதியிலும் சில பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு பயிற்றுநர், அரச சம்பளத்தில், நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ்கள் 'சி', 'பி', 'ஏ' என்று படிப்படியாக உள்ளன. அவற்றின் முதற்படிக்கான வகுப்புகளை இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தமிழிலும் நடத்த வேண்டும். கட்டணம் கட்ட இயலாத தோட்டத்து இளைஞருக்கும் யுவதிகளுக்கும் அது இலவசமாக வேண்டும். தோட்ட மைதானங்கள் கம்பனியின் நிலமாக இருப்பது மாறி, பாடசாலையின் பெயரில் எழுதப்பட வேண்டும். 1992 இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று; ஆடும் நிலமும் கூடவே போக வேண்டுமென்று எந்த வேதம் சொல்கிறது?

இவற்றைத் தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் சிங்களக் கிராமத்தில் வெறுங்காலோடு பந்துதைக்கும் பிள்ளைக்கும் பயிற்றுநர் இல்லை. நுவரெலியாவைப் போல் இங்கு நமக்கு வாக்குப் பலம் இல்லை, சிதறிக் கிடக்கிறோம். அவர்களோடு சேர்ந்து கேட்டால் மட்டுமே நமது குரல் கேட்கும். 1936 இல் கலாநிதி என். எம். பெரேராவை றுவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பிய மண் இது. இங்கே சேர்ந்து கேட்பது புதிய பழக்கமன்று; நாம் மறந்துபோன பழக்கம்.

இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அடுத்த விழா மேடையில் அந்தக் கேள்வி மீண்டும் கேட்கப்படும். தலை குனிந்து கை தட்டாதீர்கள். "பந்துக்கு நன்றி, பயிற்றுநர் எப்போது வருவார்?" என்று எழுந்து கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

நமது மாணவன் இன்னும் கொழும்பிலேதான் இருக்கிறான். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான். லயத்துச் சிறுவர்கள் நான்கு கற்களை இப்பொழுதே எடுத்து வைத்திருக்கிறார்கள்.